நோயோடு கடல் கடந்த கணித மேதை
சீனிவாச இராமானுஜனின் வாழ்வும் அது நமக்கு உணர்த்தும் பாடமும்

கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். மலாக்கா நகரிலே 1781ஆம் ஆண்டு தொடங்கி ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயத்தைப் போற்றிவரும் செட்டி மக்களாயினும், செங் சன்னாசிமலை ஆண்டவர் சந்நிதியிலே மாசி மகம் கொண்டாடும் நகரத்தார் பெருமக்களாயினும், புக்கிட் அசாஹான், மெர்லிமாவ், ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலே பால்மரக் காட்டை நம்பி வாழ்ந்த தொழிலாளர்களாயினும், அனைவரின் குடும்ப வரலாறும் ஒரு கப்பலிலேதான் தொடங்குகிறது. 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர்க் கன்றுகளை நட்டபின், தோட்டங்கள் பெருகின, தொழிலாளர்கள் தேவைப்பட்டனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் நம் முன்னோர் கரையிறங்கினர்.

அவ்வாறு வந்தவர்களை முதலில் எதிர்கொண்டவர் மருத்துவரே. கப்பலேறுமுன் ஒரு சோதனை. இறங்கியபின் தடுப்பு முகாமில் மற்றொரு சோதனை. இவற்றையெல்லாம் கடந்து தோட்டத்து லயத்தை அடைந்த பிறகும் மலேரியாக் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் எத்தனையோ பேரைக் கொண்டு சென்றன. உடல் நோயோடு அந்நிய மண்ணில் கால் வைப்பது எத்தகைய துன்பம் என்பதை நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் சொல்லிக் கேட்டவர்கள் நாம்.

அதே காலத்தில், அதே பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் மற்றொரு கப்பலிலே, மேற்குத் திசை நோக்கிப் புறப்பட்டார் ஒரு தமிழர். அவர் கூலிக்குச் செல்லவில்லை; எண்களைத் தேடிச் சென்றார். எனினும் அவரும் உடலில் நோயின் வித்தைச் சுமந்தே சென்றார். குளிருக்கும் உணவுக்கும் தனிமைக்கும் இடையே போராடினார். புகழோடும் நோயோடும் திரும்பி, முப்பத்திரண்டாம் வயதிலே மறைந்தார். அவரே உலகம் போற்றும் கணித மேதை சீனிவாச இராமானுஜன் ஆவார்.

நாமகிரித் தாயார் அருளிய பிள்ளை

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் துணிக்கடை ஒன்றில் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடிச் சிறு வருவாய் ஈட்டியவர். கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவிலே ஒரு சிறிய வீடு. அக்குடும்பத்தின் குலதெய்வம் நாமக்கல் நரசிம்மப் பெருமாளின் திருமார்பில் உறையும் நாமகிரித் தாயார். நெடுநாள் மகப்பேறின்றி இருந்த கோமளத்தம்மாள் அத்தாயாரை வேண்டியே இப்பிள்ளையைப் பெற்றார் என்பது அக்குடும்பத்தாரின் உறுதியான நம்பிக்கை.

நோய் அவரை இளமையிலேயே நாடி வந்தது. இரண்டாம் வயதில், 1889ஆம் ஆண்டு இறுதியில், பெரியம்மை கண்டது. தஞ்சை மாவட்டத்தில் பலர் அந்நோயால் மாண்ட காலம் அது. குழந்தை பிழைத்தது; தழும்புகள் மட்டும் முகத்தில் நிலைத்தன. அவருக்கு அடுத்துப் பிறந்த மூன்று குழந்தைகளும் பச்சிளம் பருவத்திலேயே இறந்தன. ஆகவே, எஞ்சிய மூத்த மகன்மேல் அன்னை கொண்ட பாசம் எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் அவர் கணிதத்தில் ஒப்பாரும் மிக்காரும் இன்றி விளங்கினார். பதினாறாம் வயதளவில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் விரிவான விளக்கமின்றி வரிசையாக அடுக்கப்பட்ட நூல் அது. அதைப் படித்தபின் பிற பாடங்கள் யாவும் அவருக்குக் கசந்தன. 1904இல் கிடைத்த கல்லூரி உதவித்தொகை, ஆங்கிலம் முதலிய பாடங்களில் தேறாமையால் பறிபோனது. 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கடும் வயிற்றுக்கடுப்பு கண்டு, படிப்பை இடையில் நிறுத்தி ஊர் திரும்ப நேர்ந்தது. குணமடைந்து மீண்டும் முயன்றும் தேர்வில் தோல்வியே கிட்டியது. அந்த 1906ஆம் ஆண்டு நோயை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். பின்னர் அதற்கு மீண்டும் வருவோம்.

1909ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜானகி என்னும் பத்து வயதுச் சிறுமியை அக்கால வழக்கப்படி மணம் முடித்து வைத்தனர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் விரைவீக்க நோய்க்கு அறுவை செய்ய வேண்டியதாயிற்று. கையில் காசில்லை. இறுதியில் ஒரு மருத்துவர் கட்டணமின்றி அறுவை செய்தார். பின்னர், சென்னையில் நண்பர் ஒருவர் அறையில் தங்கியிருந்தபோது மீண்டும் உடல் நலிவுற்றது. தாம் இறந்துவிட்டால் தம் கணிதக் குறிப்பேடுகளைப் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமேனும், கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் ராஸ் அவர்களிடமேனும் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொண்டு அவர் இரயிலேறினார். ஊருக்குத் தெரியாத ஓர் ஏழை இளைஞன், தன் உயிரைவிடத் தன் ஏடுகளைப் பெரிதாகக் கருதிய காட்சி அது.

துறைமுக அலுவலகத்திலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. இராமசாமி ஐயரும், நெல்லூர் மாவட்ட ஆட்சியர் திவான் பகதூர் இராமச்சந்திர ராவும் அவருடைய திறமையை உணர்ந்து ஆதரித்தனர். 1912ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கர் வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் அறிந்தவர். இரவில் வீட்டில் இருவரும் சிலேட்டில் கணக்குப் போட்டு மகிழ்ந்தனர்.

1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜன் ஒரு கடிதம் எழுதினார். பக்கம் பக்கமாகத் தேற்றங்கள், நிறுவல்களோ இல்லை. அவற்றைத் தம் நண்பர் லிட்டில்வுட்டோடு ஆராய்ந்த ஹார்டி, எழுதியவர் முதல் தரக் கணித மேதை என்று தெளிந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைக்க ஹார்டி விரும்பினார்.

இங்கேதான் இடர் எழுந்தது. வைதிகக் குடும்பத்தார் கடல் கடத்தலாகாது என்னும் தடை அன்று கடுமையாக இருந்தது. தடையை மீறியவரைச் சுற்றத்தார் திருமணத்திற்கும் ஈமச் சடங்கிற்கும் அழைக்க மாட்டார்கள். முதல் அழைப்பை இராமானுஜன் மறுத்தார். பின்னர் அவர் நாராயண ஐயருடன் நாமக்கல் சென்று, தாயார் ஆலயத்தில் மூன்று இரவுகள் தங்கி, அங்கே அனுமதி பெற்றார் என்பர். தாயார் கோமளத்தம்மாளின் கனவில் நாமகிரித் தாயார் தோன்றி, மகனின் பயணத்திற்குக் குறுக்கே நில்லாதிருக்குமாறு பணித்தார் என்று கூறுவாரும் உளர். எவ்வாறாயினும், அன்னையின் மனம் இளகியது. மகன் புறப்படத் துணிந்தார். 1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்திருந்த கேம்பிரிட்ஜ் கணிதர் நெவில் ஏற்பாடுகளை முன்னின்று செய்தார். ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும் பயணச் செலவும் சென்னைப் பல்கலைக்கழகத்தால் அளிக்கப்பட்டன. அத்தொகையில் ஒரு பகுதி மாதந்தோறும் பெற்றோருக்குச் சேர வழி செய்தபின்னரே அவர் புறப்பட்டார்.

புறப்படுமுன் அவருடைய குடுமி கத்தரிக்கப்பட்டது. காலணியும் கோட்டும் அணிவிக்கப்பட்டன. அக்கோலத்தைக் காண இயலாதெனத் தாயும் மனைவியும் சில நாள் முன்னரே கும்பகோணத்திற்கு அனுப்பப்பட்டனர். 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் ‘நெவாசா’ என்னும் கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டு நகர்ந்தபோது, வழியனுப்ப வந்த கூட்டத்தில் அவரைப் பெற்ற அன்னை இல்லை. நாகையில் கப்பலேறிய நம் முன்னோர் பலருக்கும் இத்தகைய பிரிவு நேர்ந்திருக்கும் என்பதை நாம் உணரலாம்.

குளிரும் அடுப்பும்

ஏப்ரல் 14ஆம் நாள் இலண்டனில் இறங்கிய இராமானுஜன், சில வாரங்கள் நெவில் இல்லத்தில் தங்கிப் பின் டிரினிட்டி கல்லூரி அறைக்கு மாறினார். அங்கே ஹார்டியோடு நாள்தோறும் கணித உரையாடல். நான்கே மாதங்களில் ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டது. லிட்டில்வுட் முதலிய பலர் போர்ப் பணிக்குச் சென்றனர், கல்லூரி வெறிச்சோடியது. சென்னையிலிருந்து வரவேண்டிய புளியும் பருப்பும் பிறவும் கிடைப்பதும் அரிதாயிற்று.

இராமானுஜன் புலால் உண்ணாத நெறியை இறுதிவரை கைவிடவில்லை. கல்லூரி உணவுக்கூடத்தில் எந்தப் பாத்திரத்தில் என்ன சமைத்தார்களோ என்னும் ஐயத்தால், தம் அறையிலேயே அடுப்பு மூட்டித் தாமே சமைத்துக்கொண்டார். இது நாம் போற்றும் உறுதியே. ஆயினும் அதன் விளைவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கணிதத்தில் மூழ்கிவிட்டால் அவருக்கு இரவு பகல் தெரியாது. நாளுக்கு ஒரு வேளையோ, சில சமயம் அதுவும் இன்றியோ, விடியற்காலையில் கிண்டிய சோற்றோடு பொழுது கழிந்தது. கல்லூரி மேசையில் பிறரோடு அமர்ந்து உண்ணாதவருக்கு, அம்மேசையில் வளரும் நட்பும் கிட்டவில்லை.

பின்னாளில் இந்தியப் புள்ளியியலின் தந்தை எனப் புகழ்பெற்ற மஹலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். குளிர் பொறுக்கவில்லை என்று இராமானுஜன் வருந்தியதைக் கேட்டு, அவருடைய அறைக்குச் சென்று பார்த்தார். கட்டிலில் போதிய கம்பளிகள் இருந்தன; ஆனால் ஆங்கிலேயர் வழக்கப்படி அவை மெத்தையோடு சேர்த்து இறுக்கிச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேற்கோட்டை அணிந்துகொண்டு விரிப்பின் மேலேயே அவர் படுத்து வந்தார். எண்களின் இரகசியமெல்லாம் அறிந்தவருக்குக் கம்பளியின் இரகசியத்தைச் சொல்லிக் கொடுக்க அருகில் ஒருவர் இல்லை. கேட்கவோ அவர் கூச்சப்பட்டார்.

அவருடைய உள்ளம் எவ்வளவு மென்மையானது என்பதற்கு மற்றுமொரு நிகழ்ச்சி உண்டு. ஒருமுறை இந்திய நண்பர்களைத் தம் அறைக்கு விருந்துக்கு அழைத்து, தாமே இரசம் வைத்துப் பரிமாறினார். இருமுறை வாங்கி உண்ட விருந்தினர் மூன்றாம் முறை வேண்டாமென்றனர். சிறிது நேரத்தில் இராமானுஜனைக் காணவில்லை. சில நாட்கள் கழித்து, ஆக்ஸ்போர்டிலிருந்து திரும்பி வரப் பணம் அனுப்பும்படி தந்தி வந்தது. தம் உணவு மறுக்கப்பட்டதாகக் கருதி மனம் நொந்து ஊரைவிட்டே போயிருந்தார். தாய் கையால் உண்டு வளர்ந்தவர், அந்நிய நாட்டில் தம் கையால் சமைத்த உணவின்மேல் எவ்வளவு உணர்வை ஏற்றி வைத்திருந்தார் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

இத்தனை இன்னல்களுக்கிடையேயும் அவர் செய்த பணி மலைக்கத்தக்கது. 1915இல் வெளிவந்த மிகுபகு எண்கள் பற்றிய நீண்ட ஆய்வுக் கட்டுரை காரணமாக 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது. ஓர் எண்ணை எத்தனை வகையாகக் கூறுபடுத்தலாம் என்பதற்கு ஹார்டியுடன் சேர்ந்து ஒரு வழி கண்டார். எடுத்துக்காட்டாக, 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 200 என்னும் எண்ணையோ 3,972,999,029,388 வகைகளில் பிரிக்கலாம். இவ்வளவு பெரிய விடையையும் எட்டவல்ல சூத்திரத்தை அவ்விருவரும் அமைத்தனர். மேஜர் மக்மஹோன் கையாலேயே கணக்கிட்டுப் பெற்ற விடையோடு அது ஒத்திருந்தது கண்டு கணித உலகம் வியந்தது.

நோய்ப் படுக்கையில் வந்த புகழ்

1917ஆம் ஆண்டு வசந்த காலத்தில் உடல் முற்றும் தளர்ந்தது. கேம்பிரிட்ஜில் ஒரு மருத்துவ இல்லத்தில் சேர்த்தனர். அதன்பின் இரண்டாண்டுக் காலம் மருத்துவமனைகளும் சானடோரியங்களுமே அவருக்கு வீடாயின. வயிற்றுப் புண் என்றார் ஒரு மருத்துவர். இரத்தத்தில் நஞ்சு கலந்துள்ளது என்றார் மற்றொருவர். காசநோய் என்னும் கருத்தே பெரிதும் நிலைத்தது. இரவில் மட்டும் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் வயிற்று வலியும் உடல் மெலிவும் எதனால் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

மெண்டிப் குன்றுப் பகுதியில் இருந்த சானடோரியத்தில் அவரைக் கவனித்தவர் ஒரு தமிழ் மருத்துவர். சௌரிமுத்து என்னும் அவர், இராமானுஜன் இங்கிலாந்து சென்ற அதே கப்பலில் உடன் பயணம் செய்தவர். பின்னாளில், 1928இல், தாம்பரம் சானடோரியத்தை நிறுவியவரும் அவரே. அங்கிருந்து மாட்லாக் என்னும் ஊரில் உள்ள மருத்துவ இல்லத்திற்கு மாற்றினர். அக்காலக் காசநோய்ச் சிகிச்சை என்பது திறந்த சன்னல், குளிர்ந்த காற்று, நிறைந்த உணவு. வெப்ப நாட்டில் பிறந்து, புலாலும் உண்ணாத ஒருவருக்கு இம்மூன்றும் எவ்வாறு ஒத்துவரும்? சூடாக இருந்த குளியலறைக்குத் தாளும் எழுதுகோலும் எடுத்துச் சென்று கணிதம் எழுத எண்ணும் நிலை அவருக்கு ஏற்பட்டது.

உடல் நோயைவிடத் தனிமையே அவரை அதிகம் வருத்தியது. வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே பிணக்கு. கணவன் மனைவியர் எழுதிய கடிதங்கள் ஒருவரையொருவர் எட்டவில்லை. ஊரிலிருந்து மடல் வராமையால் அவர் மனம் குன்றினார். தம் நோயின் கடுமையையும் அவர் பெற்றோருக்கு விரிவாக எழுதவில்லை. 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள், தாளாத மனத்துயரால் தம் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிந்தார். இறையருளால் தக்க தருணத்தில் காப்பாற்றப்பட்டார். ஹார்டி தலையிட்டு வழக்கு ஏதுமின்றி மீட்டார். இதனை எழுதக் கை தயங்குகிறது. ஆயினும், பக்தியும் பேரறிவும் நிறைந்த ஒருவருக்கும் நீடித்த நோயும் தனிமையும் சேர்ந்தால் மனம் உடையக்கூடும் என்பதை நாம் அறிதல் நலம். அது குற்றமன்று, அதுவும் ஒரு நோயே.

அதே ஆண்டில் புகழ் அவரைத் தேடி வந்தது. 1918ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பெருமையைப் பெற்ற இரண்டாம் இந்தியர் அவர். அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோவாகத் தேர்வு பெற்ற முதல் இந்தியரும் ஆனார். இச்சிறப்புகள் அவருக்குச் சற்றே தெம்பளித்தன.

பட்னி என்னும் இடத்தில் மருத்துவ இல்லத்தில் இருந்தபோது, ஹார்டி ஒரு வாடகை வண்டியில் அவரைக் காண வந்தார். வண்டியின் எண் 1729 என்றும், அதில் சிறப்பு ஒன்றும் இல்லை போலும் என்றும் குறிப்பிட்டார். படுக்கையில் இருந்த இராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு முப்படிகளின் கூட்டுத்தொகையாக இரு வேறு வகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அதுவே என்று விளக்கினார். 1இன் முப்படி 1, 12இன் முப்படி 1728, கூட்டினால் 1729. 9இன் முப்படி 729, 10இன் முப்படி 1000, கூட்டினாலும் 1729. நம் பிள்ளைகள் தாளில் எழுதிச் சரிபார்க்கலாம். உடல் கிடந்த நிலையிலும் அறிவு கிடக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தாயகம் திரும்புதல்

போர் ஓய்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்க முன்வந்தது. அதற்கு இராமானுஜன் எழுதிய மறுமொழியே அவருடைய உள்ளத்தின் உயரத்தைக் காட்டும். அத்தொகை தமக்கு வேண்டியதைவிட மிகுதி எனக் கருதி, பெற்றோருக்கு ஆண்டுதோறும் 50 பவுன் கொடுத்துத் தம் செலவும் போக எஞ்சுவதை ஏழை மாணவர், ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கும் புத்தகத்திற்கும் செலவிடுமாறு கேட்டுக்கொண்டார். நோய்ப் படுக்கையில் கிடந்தவர் கேட்டது இது.

1919ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் ‘நகோயா’ கப்பலில் புறப்பட்டு, மார்ச் 27இல் பம்பாய் வந்தடைந்தார். கரையில் எலும்பும் தோலுமாக இறங்கிய மகனைக் கண்ட அன்னையின் நிலையை எழுத்தில் வடிக்க இயலாது. கடல் கடந்த தோஷம் நீங்க இராமேசுவரம் அழைத்துச் சென்று பரிகாரம் செய்ய எண்ணியிருந்தார் அவர். மகனின் உடல்நிலை அதற்கு இடம் தரவில்லை. கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் வைத்து மருத்துவம் பார்த்தபின், 1920ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைக்குக் கொண்டுவந்தனர். இளம் மனைவி ஜானகி அருகிருந்து ஒற்றடம் கொடுத்தும் மருந்து ஊட்டியும் பணிவிடை செய்தார். தம்மையும் உடன் அழைத்துச் சென்றிருந்தால் இந்நோய் வந்திராது என்று கணவர் தம்மிடம் கூறியதாக அம்மையார் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அந்நிலையிலும் தலையணையில் சாய்ந்தபடியே கணிதம் தொடர்ந்தது. ஜனவரி 12ஆம் நாள் ஹார்டிக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில், போலித் தீட்டாச் சார்புகள் என்னும் புதிய கண்டுபிடிப்பை அறிவித்தார். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சேத்துப்பட்டு இல்லத்தில் அவருடைய உயிர் பிரிந்தது. கடல் கடந்தவர் என்னும் காரணத்தால் உறவினர் பலர் ஈமச் சடங்கிற்கு வரவில்லை. அன்றைய சமூகம் தன் மணிமுடியைத் தானே உதறிய செயல் அது.

ஜானகியம்மாள் தையற்கலை பயின்று, திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் வாழ்ந்து, ஆதரவற்ற சிறுவன் ஒருவனை வளர்த்து ஆளாக்கி, 1994ஆம் ஆண்டு ஏப்ரலில் மறைந்தார். கணவரின் இறுதி ஆண்டுக் கணிதத் தாள்களை 1976இல் அமெரிக்கப் பேராசிரியர் ஆண்ட்ரூஸ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்தார். அத்தாள்களில் ஆராய்வாளர் பல்லாண்டுகள் உழைத்தனர். இராமானுஜனின் பிறந்த நாளான டிசம்பர் 22 இந்தியாவில் தேசியக் கணித நாளாக அறிவிக்கப்பட்டது.

அந்த நோய் எது?

இப்போது 1906ஆம் ஆண்டு வயிற்றுக்கடுப்புக்கு வருவோம். 1994ஆம் ஆண்டில் டாக்டர் யங் என்னும் ஆங்கில ஆய்வாளர், இராமானுஜனின் நோய்க் குறிப்புகளை எல்லாம் தொகுத்து ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அவருடைய முடிபின்படி, இராமானுஜனைக் கொன்றது காசநோய் அன்று. அமீபா என்னும் நுண்ணுயிரால் வரும் வயிற்றுக்கடுப்பு முற்றாகக் குணமாகாமல் உடலில் ஒடுங்கிக் கிடந்து, ஆண்டுகள் பல சென்றபின் ஈரலைத் தாக்கியிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. சென்னை மாகாணத்தில் அன்று பரவலாக இருந்த நோய் அது. இன்று உறுதியாக நிறுவ வழியில்லை எனினும், இக்கருத்தை அறிஞர் பலர் ஏற்கின்றனர். இது மெய்யாயின், அவர் நெவாசா கப்பலில் ஏறியபோதே நோயும் உடன் ஏறிவிட்டது. தெற்கத்திய நோயை நன்கறியாத குளிர்நாட்டு மருத்துவர்கள் தங்களுக்குப் பழகிய காசநோயையே அதில் கண்டனர். அமீபா நோய்க்கு அக்காலத்திலேயே மருந்து இருந்தது என்பது எண்ணியெண்ணி வருந்தத்தக்கது.

நமக்கு ஒரு பாடம்

மலாக்காத் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்துப் பிள்ளைகள் பட்டணத்திற்கும், சிங்கப்பூருக்கும், ஆஸ்திரேலியாவிற்கும், இங்கிலாந்திற்கும் படிக்கவும் பணிசெய்யவும் செல்கின்றனர். அவர்களுள் நீரிழிவு, ஆஸ்துமா, வலிப்பு, சிறுநீரகக் கோளாறு போன்ற நீங்கா நோய் உடையவர்களும், உடற்குறை உடையவர்களும் உள்ளனர். நோய் உண்டு என்பதால் அவர்களைத் தடுத்து வைக்க வேண்டா. தடுத்திருந்தால் இராமானுஜன் என்னும் பெயரை உலகம் அறிந்திராது. ஆனால் அவருக்குக் கிட்டாதவற்றை நம் பிள்ளைகளுக்குக் கிட்டச் செய்வது நம் கடமை.

சிறு வயது முதல் கண்ட நோய்களையும், செய்த அறுவைகளையும், உண்ணும் மருந்துகளையும் ஒரு தாளில் எழுதி, மருத்துவர் கையொப்பத்தோடு கொடுத்தனுப்புங்கள். போகுமிடத்து மருத்துவரிடம் எதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். விரதமும் உணவு நெறியும் கைவிடாமலே வேளைக்கு உண்ணும் வழியை முன்னதாகக் கற்றுக்கொடுங்கள். அங்குள்ள ஆலயத்தையும் தமிழ் அன்பர்களையும் அறிமுகம் செய்து வையுங்கள். வாரம் ஒருமுறையேனும் பேசுங்கள். தேர்வு மதிப்பெண்ணைக் கேட்குமுன், உண்டாயா, உறங்கினாயா, மனம் நலமா என்று கேளுங்கள். நோயுற்றுத் திரும்பி வருவோரைத் தோல்வியுற்றவராக எண்ணாமல் மாலையிட்டு வரவேற்போம். அன்று சேத்துப்பட்டில் சுற்றத்தார் செய்த பிழையை நம் சமூகம் செய்யலாகாது.

நாமகிரித் தாயாரின் பிள்ளையாகத் தம்மைக் கருதி, ஓர் எண்ணிலும் இறைவனின் திருவுள்ளத்தைக் கண்டவர் இராமானுஜன். இத்திருவிழா நன்னாளில், கடல் கடந்து நோயோடு போராடும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்காகவும் ஆலய தீபத்தின் முன் ஒரு கணம் வேண்டுவோம். எல்லாம் வல்ல பரம்பொருள் அவர்களுக்கு உடல் நலமும் மன உறுதியும் அருகில் ஒரு துணையும் அருள்வானாக!